வெள்ளை ஓரத்துக்காக நான் ஏமாந்த கதை

பிரிண்டர் மக்கர் பண்ணினால் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் 'ஹெல்ப்லைன்' எண்ணுக்கு ஃபோன் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். என் பிரிண்டரில் கோளாறே இல்லை என்பதுதான் இதில் பெரிய வயிற்றெரிச்சல்.

அக்கா மகளின் படங்கள் இருபதை 4x6 போட்டோ பேப்பரில் அடிக்க உட்கார்ந்தேன். எதை அடித்தாலும் நாலு பக்கமும் சுமார் 3 மி.மீ. வெள்ளை ஓரம். பிரிண்டர் வந்த பெட்டியிலோ 'பார்டர்லெஸ் பிரிண்டிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, பிரிண்டர் கம்பெனியின் பெயரோடு சப்போர்ட் என்று சேர்த்துத் தேடினேன். மேலே வந்த பக்கத்தில் கம்பெனியின் லோகோ, ஹெட்செட் மாட்டிய பெண் படம், பெரிய எழுத்தில் ஒரு எண். அது கம்பெனி பக்கமே இல்லை, காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்பது அப்போது கண்ணில் படவில்லை.

எடுத்தவர் படு மரியாதை. "கவலையே படாதீங்க மேடம், ரெண்டு நிமிஷ வேலை" என்றார். ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார், அதில் வந்த எண்ணைக் கேட்டார், சொன்னேன். அடுத்த நொடி மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து வரிசையாகச் சிவப்புக் குறிகளைக் காட்டினார். "பார்த்தீங்களா மேடம், எல்லாம் எர்ரர். உங்க டிரைவர் லைசென்ஸ் முடிஞ்சிருக்கு, வைரஸ் ஏறியிருக்கு. அதனாலதான் ஓரத்துல இங்க் போகல."

அந்தச் சிவப்புக் குறிகள் நன்றாக ஓடும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். விண்டோஸ் தன் சில்லறைத் தடங்கல்களை எல்லாம் எழுதி வைக்கும் நோட்டு அது. டிரைவர் என்பது கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேச வைக்கும் மென்பொருள். அதற்கு லைசென்ஸ் முடிவதும் இல்லை, யாரும் அதற்குக் காசு வாங்குவதும் இல்லை. கம்பெனி தளத்திலேயே இலவசமாகக் கிடக்கிறது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கார்டு எண்ணைக் கொடுத்தேன், ஓடிபியையும் வாசித்தேன். புது பிரிண்டரின் விலையில் பாதி போனது.

பணம் ஏறியதும் 'ரிப்பேர்' தொடங்கியது. கம்பெனி டிரைவரை அழித்துவிட்டு விண்டோஸே தரும் பொது டிரைவரைப் போட்டார். பிறகு ஹெட் கிளீனிங், அதாவது இங்க் தெளிக்கும் முனையை இங்க்கைப் பாய்ச்சியே சுத்தம் செய்வது. ஒரு தடவை இல்லை, ஆறு தடவை அடுத்தடுத்து. பிரிண்டர் உறுமிக்கொண்டே கிடந்தது. "ஒரு நாள் விட்டு அடிச்சுப் பாருங்க மேடம், சரியாகிடும்" என்று வைத்துவிட்டார்.

சரியாகவில்லை. முன்பு செட்டிங்கில் இருந்த 'பார்டர்லெஸ்' என்ற கட்டமே காணாமல் போயிருந்தது. கலர் இங்க் பாதிக்குக் கீழே. மூன்றாம் நாள் ஒரு சொந்தக்காரப் பையன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். முதல் வேலையாக இணையத்தைத் துண்டித்தான், அந்த ஆப்பைத் தூக்கினான், வங்கிக்குப் பேசிக் கார்டை முடக்க வைத்தான், பாஸ்வேர்டுகளை வேறொரு ஃபோனிலிருந்து மாற்றச் சொன்னான். அதற்குப் பிறகுதான் பிரிண்டர் பக்கம் திரும்பினான்.

கம்பெனி டிரைவரை மறுபடி போட்டதும் கட்டம் வந்துவிட்டது, ஆனால் மங்கலாக, டிக் செய்ய விடாமல். காரணம் அதற்குமேல் இருந்த வரியில்: பேப்பர் வகை 'பிளெய்ன் பேப்பர்'. ட்ரேயில் நான் போட்டோ பேப்பர் வைத்தது டிரைவருக்கு எப்படித் தெரியும்? பல மாடல்களில் பேப்பர் வகையைப் போட்டோ பேப்பர் என்று மாற்றி, பார்டர்லெஸ் உள்ள அளவையும் தேர்ந்தெடுத்தால்தான் அந்த வசதி திறக்கும். எல்லா அளவுக்கும் அது கிடையாது. மாற்றினான், டிக் போட்டான், அடித்தான். ஓரம் வரை கலர். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

முதல் படத்தில் அக்கா மகளின் உச்சந்தலை வெட்டுப்பட்டிருந்தது தனிக் கதை. ஃபோன் கேமரா படம் பெரும்பாலும் 4:3, பேப்பரோ 3:2. அகலவாக்கில் எடுத்த படத்தை ஓரம் இல்லாமல் நிரப்ப வேண்டுமென்றால் மேலும் கீழும் வெட்டித்தான் ஆக வேண்டும். போதாததற்கு, பார்டர்லெஸ் என்றால் பிரிண்டர் படத்தைப் பேப்பரைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, விளிம்பு தாண்டி இங்க்கைத் தெளிக்கும். பேப்பர் துளி நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியக் கூடாதே, அதற்கு. எவ்வளவு பெரிதாக்கலாம் என்று சில டிரைவர்களில் ஒரு அளவுகோல் இருக்கும், குறைத்துக்கொள்ளலாம். நான் படங்களை முதலிலேயே 3:2-க்கு வெட்டிக்கொண்டேன், அதுதான் நிம்மதி. பிடிஎஃப்பாக அடிப்பவர்கள் 'ஃபிட் டு பேஜ்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் டிரைவரில் என்ன செய்தாலும் சுற்றிலும் வெள்ளை நிற்க வாய்ப்புண்டு. வீட்டு லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் பார்டர்லெஸ் வசதியைத் தேடி அலையவே வேண்டாம். பெரிய தாளில் அடித்து வெட்டிக்கொள்ளுங்கள்.

ஆறு தடவை கிளீனிங்கின் பலன் பத்து நாள் கழித்து வந்தது: 'இங்க் பேட் ஆயுள் முடியப்போகிறது'. கிளீனிங்கில் உறிஞ்சும் இங்க்கும் விளிம்பு தாண்டித் தெளிக்கும் இங்க்கும் உள்ளே இருக்கும் பஞ்சில்தான் போய்ச் சேரும். பஞ்சு ஊறினால் பிரிண்டர் நின்றுவிடும். இதை 'ரீசெட்' செய்து தருகிறேன் என்று ஒரு தனிக் கூட்டமே திரிகிறது. ரீசெட் செய்தால் பஞ்சு எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் வைத்திருக்கும் கணக்கு மட்டும்தான் பூஜ்யமாகும், பஞ்சு ஊறினது ஊறினதுதான். ஒரு நாள் மேஜையில் கசியும். சில மாடல்களில் மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று நாமே கழற்றி மாட்டும் பெட்டி உண்டு. என்னுடையதில் இல்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸில் மாற்றினேன்.

கோடு கோடாக அடித்தால் முதலில் நாசில் செக் தாள் (இங்க் வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) ஒன்று அடித்துப் பாருங்கள். அதில் இடைவெளி தெரிந்தால் மட்டும் ஒரு கிளீனிங், மிஞ்சினால் இரண்டு. அப்புறமும் சரியாகவில்லை என்றால் அணைத்து ஒரு இரவு விடுங்கள், காய்ந்த இங்க் பல நேரம் தானே இளகும். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் பிரிண்டரையும் ரௌட்டரையும் அணைத்துப் போடுங்கள், வரிசையில் சிக்கிக் கிடக்கும் பழைய பிரிண்ட்டை நீக்குங்கள். பேப்பர் வழுக்கினால் ரோலரை லேசாக ஈரத்துணியால் துடையுங்கள். உதவி எண் வேண்டுமென்றால் பெட்டியோடு வந்த கையேட்டில் இருப்பது, அல்லது முகவரியை நீங்களே தட்டித் திறந்த கம்பெனி தளத்தில் இருப்பது. அங்கே எடுப்பவர் யாரும் உங்கள் வங்கி ஓடிபியைக் கேட்க மாட்டார்.

பணம் திரும்பவில்லை. வங்கியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், நானே ஓடிபி சொன்னதால் இழுத்தடிக்கிறார்கள்.

போன வாரம் அதே குரல் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டது. "பிரிண்டர் இப்ப எப்படி இருக்கு மேடம்?"

"ஓரம் வரைக்கும் நல்லா அடிக்குது" என்றேன்.

"நாங்க செஞ்சதுதானே மேடம்" என்றார். "அந்த பிளான் இந்த மாசத்தோட முடியுது, ரின்யூ பண்ணிடலாமா?"