கட்டு நனையவில்லை, ரத்தம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

சில நாளில் தொடை இறுகிப் பளபளவென்று வீங்கியது. காயத்துக் கட்டுத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டர் தொடையில் பேனாவால் கோடு போட்டு, அங்கே டேப் வைத்து அளந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே கோட்டில் மறுபடி அளந்தபோது இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். தொடைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கினாலும் வெளியே தெரியாமல் இருக்கலாமாம். ரத்தம் இழந்தால் வழக்கமாக ஏறும் நாடித்துடிப்பும் ஏறவில்லை. இதயத்துக்காக அம்மா சாப்பிடும் மாத்திரை அதை ஏறவிடாமல் வைத்திருந்தது. ஆனால் பிரஷர் 90க்குக் கீழே போயிருந்தது, ஹீமோகுளோபின் 10இலிருந்து 7க்கு இறங்கியிருந்தது. அந்த சிஸ்டர் அளக்காமல் போயிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் உறைந்து கால் ரத்தக்குழாயை அடைக்காமலிருக்கப் போட்டுவந்த எனாக்ஸாபாரின் ஊசியை நிறுத்தினார்கள். அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் பார்த்தார்கள். ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவில் தொடைத் தமனியின் கிளை ஒன்று கசிவது தெரிந்தது. கவட்டை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சின்னக் கம்பிச் சுருள் வைத்து அதை அடைத்தார்கள். மறுபடி கத்தி வைக்கவே தேவைப்படவில்லை.

அப்புறம்தான் இக்கட்டு. ஊசியைத் திரும்பத் தொடங்கினால் கசிவு வரலாம், தொடங்காவிட்டால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம். எலும்பு டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து நின்று, எங்களையும் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி சொல்லி மாளாது.

ஒரே குறை டிஸ்சார்ஜ் சம்மரி. ஊசி எத்தனை நாள், வழக்கமான ஆஸ்பிரின் என்றைக்குத் திரும்ப, அடுத்த ஹீமோகுளோபின் எப்போது, எதுவுமே அதில் இல்லை. கேட்டு வாங்கி, கையெழுத்தோடு எழுதவைத்த பிறகே அம்மாவை வீல்சேரில் ஏற்றினோம். வீட்டில் தினமும் அளக்க ஒரு டேப்பும் வாங்கிக்கொண்டோம்.