அக்காவின் ஃபிஷ் டெஸ்ட்: கீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு லேப்

உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு ஐந்து ஸ்டார். போன் எடுப்பவர்களுக்கு ஒன்று, அதுவும் அரை மனதோடு.

அக்காவுக்கு மார்பகத்தில் கட்டி. பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் புரதம்) என்ற இடத்தில் 2+ என்று போட்டிருந்தது. 3+ என்றால் உண்டு, 0, 1+ என்றால் இல்லை. 2+ இரண்டும் கெட்டான். செல்லுக்குள் அந்த ஜீன் எத்தனை இருக்கிறது என்று எண்ணும் ஃபிஷ் டெஸ்ட் எடுக்கச் சொன்னார் டாக்டர். வஞ்சிரமா, வவ்வாலா என்று அக்கா கேட்டாள்.

வீட்டுக்கே வந்து பிளாக்கை வாங்கிக்கொள்வோம் என்று போனில் சொன்னவர்கள் இரண்டு நாளாகியும் வரவில்லை. கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் பிளாக். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெரம்பூரிலிருந்து மெட்ரோ பள்ளங்களைச் சுற்றி ஆட்டோவில் நானே போனேன். போனதும், ஸ்லைடு வெட்டத் தனிக் கட்டணம் என்றார்கள். அதைப் போனில் சொல்லவே இல்லை.

ஆனால் கவுன்டரில் இருந்த பெண் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “சதை ஃபார்மலின்ல எத்தனை மணி நேரம் இருந்துச்சு சார்?” 6 முதல் 72 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லும் வரை பிளாக்கை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ரிப்போர்ட் தயாரான பிறகு டெக்னீஷியன் தம்பி கம்ப்யூட்டரில் காட்டினார். சிவப்புப் புள்ளி ஹெர்2 ஜீன், பச்சை 17ஆம் குரோமோசோமின் மையம். சாதாரண செல்லில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை. அக்காவின் செல்லில் சிவப்பு, குங்குமச் சிமிழ் கவிழ்ந்தது போல. சராசரி சிவப்பு 8.2, பச்சை 2.3, விகிதம் 3.6. விகிதம் 2ஐயும் சிவப்பு 4ஐயும் தொட்டாலே பாசிட்டிவ்.

நான் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தவன். ஒரே டிராயிங்குக்கு எட்டு நகல் போட்டு எட்டு ஷாப்புக்கு அனுப்பினால் உருப்படி குவியத்தானே செய்யும்? “அப்போ ஜீன் நகல் கூடினாலே கேன்சரா தம்பி?” என்றேன். எந்த ஜீன் என்பதைப் பொறுத்தது என்றார். கெட்டுப்போன செல்லைத் தீர்த்துக்கட்டும் காவல்கார ஜீன் டிபி53 நமக்கு ஒரு ஜோடிதான். ஆப்பிரிக்க யானைக்கு 20 ஜோடி. அவ்வளவு பெரிய உடம்புக்கு கேன்சர் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆனால் அந்த உபரி நகல்கள் பெரும்பாலும் அரைகுறை, அவற்றில் சில வேலை செய்வதாகத் தெரிந்திருக்கிறது. நகல் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. அதனால்தான் இரண்டு டெஸ்ட். முதலில் 2+ என்று சொன்ன சாயப் பரிசோதனை செல்லின் மேல் எவ்வளவு புரதம் வந்திருக்கிறது என்று பார்க்கும், ஃபிஷ் நகலை எண்ணும். இதை எங்களுக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

குறை இன்னொன்று. ரிப்போர்ட் முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது, இரவு பதினொன்றரைக்கு, ஒரு வார்த்தை விளக்கமில்லாமல். ‘பாசிட்டிவ்’ என்று பார்த்தால் வீட்டில் யார் தூங்குவார்கள்? அதற்கென்றே டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து 1998லிருந்து இருக்கிறது என்பது மறுநாள் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

பிளாக்கை மறக்காமல் திருப்பி வாங்குங்கள், பின்னால் தேவைப்படும். கூரியரில் அனுப்ப மாட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்த மெழுகுவத்தித் துண்டுக்காடா இவ்ளோ அலைஞ்ச?”