தெர்மல் கேமரா ரிப்போர்ட்டை நம்பும் முன்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

நீலகிரியில் தேயிலை ஃபேக்டரி, ஹோட்டல், காட்டேஜ் நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வயர் இணைப்புகளைக் கழற்றாமலே, சூட்டைப் படம் பிடிக்கும் தெர்மல் கேமராவில் சோதித்துச் சான்றிதழ் தருவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் மலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் சிறிய ஃபேக்டரியில் காசு வாங்கிக்கொண்டு அவர்கள் செய்ததைச் சோதனை என்றே சொல்ல முடியாது.

வந்தது ஜனவரியில். உறைபனிக் காலம், இலை வரத்து குறைவு, வாட்டும் தொட்டிகளின் விசிறிகளில் பாதிகூட ஓடவில்லை. பேனல் கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்த அக்ரிலிக் மறைப்பைத் தொடவில்லை. அதற்கு வெளியே நின்றே படம் எடுத்து, "இணைப்புகள் நன்று" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மே மாதம் இலை குவிந்த ஒரு ராத்திரி, விசிறிகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடரில், மூன்று பேஸில் ஒன்றான ஒய் பேஸின் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) எரிந்து, பஸ்பாரோடு (பேனலுக்குள் கரண்டைப் பகிரும் உலோகப் பட்டை) உருகிவிட்டது. காற்று நின்றால் தொட்டியில் கிடக்கும் இலை தானாகவே சூடேறிச் சிவந்துவிடும். அன்றைய இலையில் பெரும்பகுதி வீண். சிறு விவசாயிகள் பறித்துச் சுமந்து வந்து கொடுத்த இலை அது. நிறுவனத்துக்குப் போன் செய்தால், "அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்று முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு நன்றாக இருந்ததா என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வழியில்லை. தெர்மல் கேமரா பார்ப்பது அகச்சிவப்புக் கதிரை; அக்ரிலிக் அதை ஊடுருவ விடாது. கேமரா அளந்தது அந்தத் தட்டின் சூட்டை, லக்கின் சூட்டை அல்ல. அடுத்தது லோடு, அதாவது அந்த நேரத்தில் ஓடும் கரண்ட். லூஸ் கனெக்‌ஷனில் எழும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 20 ஆம்பியர் 60 ஆனால் சூடு 9 மடங்கு. குறைந்தது 40 சதவீத லோடாவது ஓடும்போதுதான் படம் எடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த விதி. பளபளக்கும் செம்பும் அலுமினியமும் கேமராவுக்கு உள்ளதைவிடக் குளிர்ந்தே தெரியும் என்பதால், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய இடத்தில் அளப்பார்கள். அதுவும் நடக்கவில்லை.

கூடுதல் காசுக்கு மெகர் டெஸ்டும் செய்து, ஜாயின்ட்டுகளுக்கு அதுவே உத்தரவாதம் என்றார்கள். இது பச்சைப் பொய். மெகர் என்ற மீட்டர் 500 வோல்ட் டிசி கொடுத்து, வயர் உறை (இன்சுலேஷன்) வழியே கரண்ட் கசிகிறதா என்றுதான் பார்க்கும். லக் ஆடிக்கொண்டிருந்தாலும் மெகர் காட்டாது.

அப்புறம் உள்ளூர் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்தார். எல்லா மோட்டாரையும் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைக் குறித்துக்கொண்டு, பாதுகாப்புக் கையுறையோடு ஒவ்வொரு லக்குக்கும் பஸ்பாருக்கும் இடையே மில்லிவோல்ட் அளந்தார். இணைப்பு கெட்டிருந்தால் இந்த அளவு கூடும். இன்னொரு ஃபீடரில் இரண்டு பேஸ் 5, 6 என்று காட்ட, மூன்றாவது 140 காட்டியது. "அண்ணா, இதுவும் போற நிலைமைலதான் இருக்கு" என்றார். அலுமினிய லக்கை நேராகச் செம்பு பஸ்பாரில் முடுக்கியிருந்தார்கள். நம் ஊர் ஈரத்தில் அது அரிக்கும். அலுமினியமும் செம்பும் சேர்த்துச் செய்த பைமெட்டல் லக் போட்ட பிறகு மூன்றும் ஒன்றுபோல் வந்தன.

காசைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இப்போது அதே ஆட்கள் குன்னூர்ப் பக்கம் வருகிறார்கள் என்று கேள்வி. ரிப்போர்ட் வாங்கியவர்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த நேரத்து ஆம்பியர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழு லோடில், மறைப்பைக் கழற்றி, மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதுவரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.