தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் ஆம்புலன்ஸ் சேவை: எங்கள் அனுபவம்

நள்ளிரவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது ஓடிவந்தவர்கள், பகலில் தத்தம் வேலையைப் பார்த்துவிட்டு இரவில் முறைவைத்து விழித்திருக்கும் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர்தாம். இதயம் நின்றபின் மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துவிடும் என்பதால், ஒருவர் வாய்விட்டு எண்ணியபடியே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த, மற்றொருவர் சட்டையைக் கத்தரித்து இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவியின் பட்டைகளை ஒட்டினார். அப்பா பிழைத்தார்.

தீ விபத்தும் நோயாளிக்கான அழைப்பும் ஒருசேர வந்தால் ஆள் போதாமல் போவது பெருங்குறை. அதைக் குழுத் தலைவரே மறைக்காமல் சொன்னார். அன்றிரவு எங்கும் தீப்பிடிக்காதது எங்கள் நல்லூழ். வாரந்தோறும் பயிற்சி எடுக்கும் இவர்களுக்கு இன்னொரு வாகனமும் கூடுதல் ஆட்களும் அவசியம் தேவை.