இ-சேவை மையமும் என் ஒன்றே முக்கால் ஏக்கரும்

தேவிபட்டினத்துக்கு மேற்கே எனக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். கொஞ்சம் நெல், மீதி முண்டு மிளகாய். எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான். இதற்கு என்ன மானியம் கிடைக்கும் என்று ஆறு தடவை ஏறி இறங்கிய ஒரு இ-சேவை மையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அங்கே உட்கார்ந்திருக்கிற தம்பி இன்னும் எனக்கு வேலை செய்து தரவேண்டியிருக்கிறது.

முதல் நாளே, நிலம் யார் பேரில் என்று காட்டுகிற சிட்டாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கூட்டுப்பட்டா. உங்க கொழுந்தனாருங்க ரெண்டு பேரு பேரும் இருக்கு. உட்பிரிவு பண்ணித் தனிப்பட்டா வாங்கிட்டா பின்னாடி இழுபறி இல்ல" என்றான். வீட்டுக்காரர் போனபிறகு இதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து வரை சிறு விவசாயி. தாசில்தார் தருகிற அந்தச் சான்று இருந்தால் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 என்றும் விளக்கினான். சான்றுக்கு 60 ரூபாய்தான் வாங்கினான், ரசீதோடு.

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தருகிற பி.எம். கிசான் 2,000 ரூபாய் தவணைக்குக் கைரேகை வைக்கப் போனதுதான் கூத்து. மிளகாய்ப்பழம் பறிக்கிற நேரம், விரலில் ரேகையே இல்லை. நாலு தடவை துடைத்து வைத்தும் மிஷின் ஏற்கவில்லை. "எலுமிச்சம்பழம் தேய்ச்சிட்டு நாளைக்கு வாங்கக்கா" என்கிறான். காந்துகிற விரலில் எலுமிச்சையாம்!

குறை என்னவென்றால், எதைக் கேட்டாலும் அவனுக்குச் சொட்டுநீர்தான். எங்கள் பக்கம் போர் போட்டால் வருவது உவர்த் தண்ணீர். பக்கத்துக் காட்டில் போட்ட குழாயைப் போய்ப் பாருங்கள்: சொட்டுகிற துளை ஒவ்வொன்றிலும் வெள்ளையாக உப்பு கட்டி, நகத்தால் சுரண்டினால் பொருக்கு பொருக்காக உதிர்கிறது. இப்போது அது கருவேல வேலியில் சுருட்டித் தொங்குகிறது. எனக்கு வேண்டியது பண்ணைக்குட்டை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் தை மாதம் காய்ப்பிடிப்புக்கு இரண்டு தடவை ஊற்றிக்கொள்வேன். அது வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்க வேண்டியது என்பது அவனுக்குத் தெரியவில்லை. உழவன் செயலியில் 'மானியத் திட்டங்கள்' பகுதியைத் தோண்டி நானே கண்டுபிடித்தேன். நீங்களும் வீட்டிலேயே பார்த்து, திட்டத்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

பயிர்க் காப்பீட்டுக்குத் தாராளமாக அவனிடம் போகலாம். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மிளகாய்க்கு 5 சதவீதம் நாம் கட்டுவது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டுகிற அடங்கலைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசி நாள் மட்டும் போகாதீர்கள், சர்வர் படுத்துவிடும். ராத்திரி எட்டு மணி வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். உட்பிரிவுக்கு மனுப் போட்டாயிற்று. சர்வேயர் வந்து கல் ஊன்றும் அன்று கொழுந்தன்மார் இரண்டு பேரும் ஊரில் இருந்தால் நல்லது. சின்னவன் சவூதியில் இருக்கிறான்.