அன்றாடச் சைக்கிள் பயணத்துக்கான பெண்கள் பேன்ட்: ஒரு மதிப்பீடு

சைக்கிளில் அலுவலகம் செல்லும் பெண்ணுக்கென்று தைத்த ஆடையைத் தேடினால், பந்தயத்துக்கான இறுக்கமான உடைகளும், ஆண்களுக்கான பேன்டைச் சிறிய அளவில் வெட்டி நிறம் மாற்றிய வகைகளுமே பெரும்பாலும் கிடைக்கின்றன. அந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி வந்துள்ள பேன்ட் ஒன்றைச் சில காலமாக அணிந்து வருகிறேன்.

இதன் பெரும் பலம் தையலில் இருக்கிறது. சாதாரண பேன்டில் நான்கு தையல்கள் ஒன்றுகூடும் இடம் இருக்கையின் மேல் நேராக அழுந்துவதால், தொலைவு கூடக்கூடத் தோல் உராய்ந்து புண்ணாகிறது. இதிலோ அந்த இடத்தில் தனித் துண்டுத் துணியை இணைத்து, தையல்களை ஓரங்களுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். இடுப்பின் பின்புறத்தை உயர்த்தி வெட்டியிருப்பதால், முன்குனிந்து ஓட்டும்போது முதுகு வெளியே தெரிவதில்லை. எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழை கலந்த துணி முழங்காலில் தாராளமாக நெகிழ்கிறது. கணுக்காலில் உள்ள பொத்தான், துணி சங்கிலியில் சிக்காமல் காக்கிறது.

பைகள்தான் பெரும் ஏமாற்றம். கைப்பேசி பாதிக்குமேல் நுழைவதில்லை. தொடைக்குப் பொருந்தும் அளவை எடுத்தால் இடுப்பு தொளதொளக்கிறது. தொடர்ந்து மிதிப்பவர்களுக்குத் தொடைத் தசை திரள்வது இயல்பு என்பதால், அவர்களுக்கென்றே தைத்த ஆடையில் இந்தக் குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1895-இலேயே லண்டனைச் சேர்ந்த தையற்கலைஞர் ஆலிஸ் பைக்ரேவ், ஓட்டும்போது கயிறும் கப்பியும் கொண்டு உயர்த்திக்கொள்ளும் பாவாடைக்குக் காப்புரிமை பெற்றார்; அத்தனை நுட்பமாக யோசித்தவர்கள் அன்றே இருந்தும், இன்றைய கடைகளில் தேர்ந்தெடுக்க இவ்வளவு குறைவாக இருப்பது வருத்தமளிக்கிறது.

இடுப்பைத் தையற்காரரிடம் கொடுத்துச் சுருக்கிக்கொள்ள முடியுமானால் இதை வாங்கலாம்.