முன்னறிவா, முன்குறிப்பா?

வேதாகமத்தில் ரோமர் 8:29-ல் தேவனைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு சொற்கள் வருகின்றன: ‘முன்னறிந்தாரோ’ (முன்பே அறிவது), ‘முன்குறித்திருக்கிறார்’ (முன்பே தீர்மானிப்பது). எது எதற்குக் காரணம் என்பதில்தான் புராட்டஸ்டன்ட் இறையியலாளர்களான கால்வினும் ஆர்மீனியஸும் பிரிகிறார்கள்.

தேவன் தீர்மானித்ததால்தான் நடக்கப்போவது அவருக்குத் தெரியும் என்கிறார் கால்வின். யார் விசுவாசிப்பார் என்று முன்பே கண்டு அவர்களைத் தேவன் தெரிந்துகொள்கிறார் என்பது ஆர்மீனியஸ் பக்கம்.

சேவல் கூவுமுன் சீஷனான பேதுரு தம்மை அறியேன் என்று மூன்று தரம் மறுதலிப்பார் என்று இயேசு சொன்னாரே, அதை எடுத்துக்கொள்வோம். கால்வின் வழியில் அதுவும் தேவ திட்டத்துக்குள் அடக்கம். ஆனாலும் அப்படிச் சொல்லும்படி யாரும் பேதுருவைக் கட்டாயப்படுத்தவில்லை. பயத்தில் அவராகவே சொன்ன பொய், குற்றமும் அவருடையதே. ஆர்மீனியஸ் வழியில் பேதுரு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தேவன் அதையே முன்னறிந்திருப்பார். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. சரி, தவறவே முடியாத அறிவு முன்னாலேயே இருக்கும்போது, முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவுக்கு வேறு வழி இருந்ததா? முடிச்சு இங்கேயும் அவிழவில்லை. கால்வின் பக்கமோ, பாவத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்னும் கனக்கிறது. எனக்கு அதுதான் பெரிய இடறல்.

நெதர்லாந்தில் நடந்த திருச்சபை மாநாடான டார்ட் மாநாடு 1618-19-ல் ஆர்மீனியஸ் தரப்பைத் தள்ளியது. அவரோ 1609-லேயே இறந்துவிட்டார். அப்புறம் 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி அதே தரப்பைத் தம் இயக்கத்தாரான மெதடிஸ்டுகளிடம் கொண்டுபோனார். அவருடைய நண்பரும் சக பிரசங்கியாருமான விட்ஃபீல்டு கால்வின் பக்கமே நின்றார்.